எந்த நான்

இருபதாம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. போட வேண்டும்.
மகனுக்கு அம்மை.
கருங்கலிலிருந்து குலசேகரத்துக்கு இரண்டு பஸ்.
அதனால் ஒரு சனிக்கிழமை, கடை பூட்டுமுன்,
ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்துவைத்துவிட்டு வந்தேன்,
மூவாயிரத்து முந்நூற்று எண்பத்தொன்பதாம் எண் வாசல்,
ஏதோ ஒரு வீடியோவில் ஒரு பையன் சொன்னபடி.
பாஸ்வேர்ட், கம்பெனியின் பெயர்,
பின்னால் ஒன்று இரண்டு மூன்று.

முதல் இரவு சுகமாகத்தான் இருந்தது.
கட்டிலில் பிள்ளை, மடியில் லேப்டாப்,
லேப்டாப்புக்குள் என் ஆபீஸ் மேசை.
நாலாம் தர ஷீட், ஒட்டுப்பால், பால் வந்த கணக்கு
எல்லாம் வந்தன,
புகைக்கூட்டின் வாடை மட்டும் வரவில்லை.

புதன்கிழமை ரெஜின் லாக்கைத் திறந்தான்.
சிரித்துக்கொண்டே திறந்தவன்
அப்புறம் சிரிக்கவில்லை.
"எக்கா, நேத்து ராத்திரி மட்டும் பதினோராயிரம் தட்டு."

அட்மின் என்று தட்டியிருக்கிறார்கள்.
டெஸ்ட், பேக்கப், ஸ்கேனர் என்று.
ஜான் என்று, எங்கள் கடையில் இல்லாத ஜான்.
மரியா என்று.
குலசேகரம் கிழக்கா மேற்கா என்றுகூடத் தெரியாத யாரோ
தூங்காமல், கோபமில்லாமல்,
ஒன்று மாற்றி ஒன்று.
மழைக்கு முந்தின ஈசலும் இப்படித்தான்,
விளக்கு இருந்தால் போதும்,
யார் வீட்டு விளக்கு என்று கேட்பதில்லை.

இரண்டு நாள் வேலை பார்த்தான்.
அந்த வாசலை மூடினான்.
வி.பி.என். போட்டான், அதற்குச் சாவி
என் லேப்டாப்பில் மட்டும்.
ஐந்து தரம் தப்பினால் அரைமணி நேரம் பூட்டு.
போனில் ஆறு இலக்கம், முப்பது விநாடி ஆயுசு.
மூன்று வருடம் முன்பு மஸ்கட் போன ஸ்டான்லிராஜுக்கு
உள்ளே இன்னும் ஒரு நாற்காலி கிடந்தது,
அதையும் எடுத்துப் போட்டான்.
"இனி நீங்க மட்டும்தான் எக்கா" என்றான்.

வெள்ளி இரவு பதினொன்று நாற்பது.
விடிந்தால் கோட்டயத்துக்கு லாரி, பில் வேண்டும்.
பிரிண்ட் கொடுத்தேன்.
மூன்றாம் பக்கத்தில் எல்லாம் செத்துப்போனது.

நெட் போயிருக்கும் என்று நினைத்தேன்.
காற்றில் ரப்பர்க்கிளை விழுந்து
கேபிளை அறுத்திருக்கும் என்று நினைத்தேன்.
நினைக்காதது, வாட்ச்மேன் தபசிமுத்து.

"பூட்டுன ரூமுக்குள்ள பிரிண்டர் கெடந்து கீறுது மக்களே.
ஆளக் காணல்ல. பேப்பரு தன்னால எறங்குது.
கள்ளன் கேறிட்டாம்ணு
பிளக்கப் புடுங்கிப் போட்டேன்."

எல்லாச் சுவரும் கட்டின நாங்கள்
அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் ராத்திரி முதல் பக்கமாக
பெரிய எழுத்தில் அடித்தேன்:
அண்ணாச்சி, இது நான்தான். விஜிலா.

அன்றைக்கும் பிடுங்கினார்.
திங்கள் காலை அந்தத் தாளை
நாலாய் மடித்துக் கையில் தந்தார்.
"நான்தாம்ணு கள்ளனும் அடிப்பானே.
எந்த நான்ணு எனக்கெப்பிடித் தெரியும்?"

ரெஜின் வெகுநேரம் பேசாமல் நின்றான்.
பிறகு, செருகினவுடன் தானே எழும்பும்படி
மெஷினை மாற்றிவைத்தான்.

இப்போதெல்லாம் ராத்திரி பிளக் அவர் வசம்.
முதலில் அவருடைய பட்டன் போனுக்கு அழைக்கிறேன்.
உடனே போடமாட்டார்.
மழை உண்டுமா அங்க, என்பார்.
நேற்று, பிள்ளைக்குத் தண்ணி விட்டாச்சா, என்றார்.
சோதிக்கிறாரா விசாரிக்கிறாரா தெரியவில்லை.
விட்டாச்சு அண்ணாச்சி, தழும்பு மட்டும்
நெற்றியில் ரெண்டு, என்றேன்.

கொஞ்ச நேரம் தவளைச் சத்தம்.
பிறகு நாற்காலி நகர்கிற சத்தம்.
அதற்குப் பிறகுதான் சாவி, பாஸ்வேர்ட்,
ஆறு இலக்கம், மற்றதெல்லாம்.